எனக்கு ஓர் அண்ணன் கிடைத்த வருடம்

1

சென்ற வெள்ளிக்கிழமை பினாங்குக் கடற்கரையில் என் அண்ணனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து முடித்தேன். குருக்கள் வந்தார். பிண்டம் வைத்தோம், கடலில் முழுகினோம், வீட்டுக்கு வந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டோம். ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் என் ஊரான யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் வாசகர்கள் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் என் தகப்பனாருக்கு ஒரே பிள்ளை. எனக்கு முன்னும் ஒருவர் இல்லை, பின்னும் ஒருவர் இல்லை. அப்படியிருக்க, போன தை மாதம் இங்கிருந்து லீவில் கப்பலேறிய ஒரு புண்ணியவான், "பினாங்கிலை ஆறுமுகத்தார் வீடு துடக்கு. தமையன் செத்துப்போனாராம்" என்று எங்கள் வீட்டுச் சாவுத் தீட்டைச் சந்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு போதாதா நம்மவருக்கு?

என் தகப்பனார் இளமையில் புகையிலைச் சிப்பங்களோடு திருவாங்கூருக்குப் போய்வந்தவர். இப்போது அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று ஊரில் தீர்மானமாகிவிட்டதாம். அந்தப் பெண் நல்ல சிவப்பு என்றும் சொல்லுகிறார்களாம். மனிதர் செத்துப் பல வருடமாயிற்று. உயிரோடு இருந்த காலத்தில் அடுத்த வளவுப் பெண்ணோடு பேசுவதென்றாலும் வேலியைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அவருக்கு இந்தப் பட்டம்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. என்றாலும் மகன் என்று நான் ஒருவன் இருக்கிறேனே. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்து முடித்துவிட்டு, பிறகு பேசுங்கள்.

2

நான் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். வந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. என் மனைவி பொன்னம்மாவும் கூடவே வந்தாள். அவளோடு சேர்ந்து யாழ்ப்பாணத்து ஆசாரமும் முழுவதுமாகக் கப்பலேறி வந்துவிட்டது. இடையில் கடல் இருந்ததே, கொஞ்சம் கரைந்திருக்கக் கூடாதா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பீப்பாய் தண்ணீர் எப்போதும் நிற்கும். கந்தோரால் வந்தால் காலைக் கழுவிக்கொண்டு படியேற வேண்டும். முடி வெட்டிக்கொண்டு வந்தால் பின்பக்கத்தால் வந்து தலை முழுக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போய்வந்தால் சட்டையும் சேர்த்து முழுக வேண்டும். இந்த ஊரிலோ வாரத்துக்கு ஒரு சீனச் செத்தவீடாவது பாண்டு வாத்தியத்தோடு தெருவில் போகும். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே நான் வேறு தெருவால் சுற்றிக்கொண்டு வருவேன். பக்தியினால் அல்ல. மாலையில் இரண்டாம் தரம் குளிக்கப் பஞ்சி.

எங்களுக்கு ஒரே மகன், இராசரத்தினம். வீட்டில் ராசன். கெட்டிக்காரன். சீனியர் பரீட்சையில் நன்றாகச் செய்து, சிங்கப்பூரில் உள்ள வைத்தியக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது. இங்குள்ள நம்மவர் எல்லோரும் கிளாக்கர்கள், ரயில்வேக்காரர்கள், வாத்தியார்கள். எங்களுக்குள் ஒரு டொக்டர் வரப்போகிறான் என்றதும் வீடு கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கொரு நோய் வருத்தத்தை இப்போதே அவனிடம் சொல்லி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் நாக்கை நீட்டியே காட்டினார்.

டொக்டர் என்றால் வெள்ளைக் கோட்டு, கார், கழுத்தில் குழல். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டொக்டராகிறதற்கு எதைத் தொட வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, பொன்னம்மா தவிர. பினாங்கில் பெரிப் படகு ஏறி அக்கரைக்குப் போனோம், பிறை ஸ்டேஷனில் வண்டி புறப்பட நிற்கிறது. அவள் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டாள்.

"தம்பி, அங்கை பிரேதம் வெட்டுறவையாம், மெய்யோ?"

"ஓமம்மா. படிக்கிறதுக்குத்தானே."

"எப்பவெண்டாலும் தொட வேண்டி வந்தால் தலையிலை தோய்ஞ்சுபோட்டுத்தான் சாப்பிட வேணும். எனக்குச் சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் பண்ணினான். நாங்கள் மூவரும் அதை வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியமாக, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி நினைத்துக்கொண்டோம். வண்டி ஊதிக்கொண்டு போய்விட்டது.

3

மார்கழியில் கல்லூரி விடுதலைக்கு வந்தபோது எங்கள் பிள்ளையைப் பிறை ஸ்டேஷனில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மாதிரி ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா" என்றான். தடிமன் வேறு. மூக்கு ஒரு நாளும் காய்வதில்லையாம்.

பெரியில் வரும்போது விஷயம் வெளியே வந்தது. பிரேதம் வருடத்துக்கு ஒரு தடவை அல்ல, தினமும். காலையில் மணி அடித்ததும் அறைக்குள் போக வேண்டும், மத்தியானம் மணி அடிக்கும்வரை அங்கேதான். மற்றப் பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஓடுவார்கள். எங்கள் பிள்ளை தாய்க்குக் கொடுத்த சத்தியத்தோடு குழாயடிக்கு ஓடுவான். தலை முழுகி, உடுப்பு மாற்றி, திருநீறு பூசி வந்து பார்த்தால் சோற்றுப் பானை கவிழ்ந்து கிடக்கும். கோப்பிக்கடைக்காரனின் பாணும் சீனியும்தான் பிழைப்பு.

புது மாணவர்களைப் பழையவர்கள் கேலி செய்வது அங்கே ஒரு சட்டமாம். ஒருவனைக் கால்சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார்களாம். இன்னொருவனை மரத்துக்குச் சலாம் வைக்கச் சொன்னார்களாம். எங்கள் பிள்ளைக்கு அவர்கள் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. தினமும் மத்தியான வெயிலில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஈர வேட்டியோடு ஒருவன் தானாகவே மைதானத்தைக் கடந்து போகிறான். அதற்கு மேல் என்ன கேலி பண்ணுவது? 'மழைக்காலம்' என்று இங்கிலீசில் பெயர் வைத்துவிட்டார்கள். அவன் தூரத்தில் வரக் கண்டால் மேல்மாடியில் குடைகள் விரியுமாம்.

கத்தி முள்ளாலே சாப்பிடுவது அடுத்த பாடு. முதல் நாள் முள்ளைக் கொண்டு ஒரு உருளைக்கிழங்கைக் குத்தப் போய், அது எதிர்மேசையில் இருந்த வார்டன் துரையின் சூப்புக்குள் விழுந்ததாம். "சொறி சேர்" என்று எழும்பிப் போய், தன் கையாலேயே அதை எடுத்துக்கொண்டு வந்தானாம். இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் பொன்னம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவன் படியேறாமல் நின்று, "அம்மா, நான் திரும்பிப் போகமாட்டன்" என்றான்.

"முதல் உள்ளுக்கு வா. சாப்பிடு."

"சாப்பிடுறன். ஆனால் போகமாட்டன். அப்பான்ர கந்தோரிலை எனக்கு ஒரு வேலை எடுத்துத் தரச் சொல்லுங்கோ."

பனையாலே விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி இருந்தது எனக்கு. இந்தப் பிள்ளை என்னைப் போல ஒரு கதிரையைத் தேய்த்துக்கொண்டு, ஆரோ ஒரு துரை 'ஆறுமுகம்' என்று கூப்பிட்டதும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்பதற்காகத்தானே நான் இத்தனை காலம் ஓடினேன்.

4

நான் சத்தம் போட்டேன். அப்பன்மாருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். உலகத்தில் எத்தனை டொக்டர்மார், அவர்கள் எல்லாம் பிரேதம் வெட்டாமலா வந்தார்கள் என்றேன். குளிக்கிறதுக்குப் பஞ்சிப்பட்டா படிப்பை விடுகிறாய் என்று கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"குளிக்கிறது இல்லை அப்பா" என்றான் கடைசியில். "அது எங்கட ஆள்."

"ஆர்?"

"எங்கட மேசையிலை கிடக்கிற ஆள். தமிழ் ஆள். காதிலை கடுக்கன் போட்ட ஓட்டை இருக்கு. தோள் காய்ச்சுப் போயிருக்கு. நெற்றியிலை திருநீறு பூசிப் பூசித் தோலே வெளிறிப்போய்க் கிடக்கு. ஆஸ்பத்திரியிலை செத்திருக்கிறார். கேட்டு வர ஒருத்தரும் இல்லையாம், அதாலை எங்களுக்குத் தந்தவை." தாயின் பக்கம் திரும்பி, "வெட்டுறதுக்கு முதல் ஒருத்தரும் அழேல்லை, அம்மா. ஒருத்தரும் அழாமல் கத்தி வைக்க எனக்குக் கை வருகுதில்லை" என்றான்.

அவன் ஒவ்வொரு நாளும் அந்த மேசைக்குப் பக்கத்தில் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, ஒரு கீறல் போடவில்லையாம். கூட்டாளிகள் வெட்ட, இவன் புத்தகத்தை உரக்க வாசித்துக் காலத்தைக் கழித்திருக்கிறான். இப்படியே போனால் வருட முடிவில் பெயரை வெட்டிவிடுவார்கள். அதற்கு முன்னே தானாக விலகிவிடுகிறேன் என்கிறான்.

நான் பொன்னம்மாவைப் பார்த்தேன். அவள் அகப்பையைப் பானையில் வைத்துவிட்டு, "நாளைக்குக் குருக்களையாவிட்டைப் போவம்" என்றாள்.

அடுத்த நாள் காலை கோயில் வீதியில் குருக்களைப் பிடித்தோம். பயந்த சுபாவமுள்ள மனிதர். பொன்னம்மா கேள்வி கேட்கத் தொடங்கினால் அவர் சால்வையைக் கழுத்தில் இறுக்கிக்கொள்வார்.

"ஐயா, ஒரு சைவ ஆள் செத்தால் துடக்கு ஆருக்கு?"

"உரித்துக்காரருக்கு."

"உரித்துக்காரர் இல்லாட்டில்?"

"அப்ப… அப்ப துடக்கு இல்லை, பிள்ளை."

"செத்தவீடு இல்லை, அழுகை இல்லை, துடக்கும் இல்லை. அப்ப அந்தாள் செத்ததோ இல்லையோ?"

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"அப்பிடியெண்டால் நாங்கள் உரித்து" என்றாள் பொன்னம்மா. "எனக்குக் கூடப்பிறந்தவர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

குருக்களுக்கு இப்போதுதான் சாத்திரம் கைகொடுத்தது. சட்டென்று நிமிர்ந்து, "அது சரிவராது. உங்கட சகோதரம் எண்டால் உங்களுக்கும் பிள்ளைக்கும் மூண்டு நாள்தான். நீங்கள் வாழ்க்கைப்பட்டு வேறை குடி வந்தனீங்கள். முழுத் துடக்கு வேணுமெண்டால் புருசன்ர பக்கத்துச் சகோதரமாய் இருக்க வேணும்" என்றார்.

பொன்னம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கலியாணமான புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்று என் சுருட்டுப் பெட்டி கிணற்றுக்குள் போனது.

"இவருக்கு ஒரு தமையன்" என்றாள்.

இப்படித்தான், வாசகர்களே, எனக்கு அண்ணன் கிடைத்தான். திருவாங்கூரில் அல்ல. பினாங்குக் கோயில் வீதியில், காலை நேரத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

5

வீட்டுக்கு வந்ததும் பொன்னம்மா தலைமயிரை அவிழ்த்துவிட்டு நடுவீட்டில் குந்தினாள். ராசனையும் என்னையும் பக்கத்தில் இருத்தினாள். பிறகு அழுதாள்.

முறையாக அழுதாள். முகம் பார்த்திராத ஒரு மனிதனுக்கு, சிங்கப்பூரில் மேசைமேல் கிடக்கிறவனுக்கு, நெஞ்சில் அடித்துச் சொல்லிச் சொல்லி அழுதாள். கப்பலில் வந்தபோது உனக்கு யார் சோறு தந்தது என்று கேட்டாள். காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கேட்டாயா, யார் தந்தது என்று கேட்டாள். உன் தம்பி இங்கே கதிரையில் இருந்தானே, உனக்கு வழி தெரியாமல் போச்சா என்று கேட்டாள். முதலில் ராசன் வாயைப் பொத்திச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது உண்மைதான். பிறகு அவன் சிரிப்பு உடைந்து அழுகையானது. அவனைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. முன்வீட்டுச் சனம் வாசலில் கூடிவிட்டது.

அழுது முடித்ததும் பொன்னம்மா மூக்கைச் சிந்தி, தலையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

"அழுதாச்சு. இனி நீ போய் உன்ர வேலையைப் பார்."

"தோய்ச்சல்?" என்றான் ராசன்.

"துடக்குக்காரனுக்கு ஏன் தோய்ச்சல்? நீ இப்ப செத்தவீட்டுக்காரன். செத்தவீட்டுக்காரர் ஒவ்வொரு தரமும் பிரேதம் தொட்டுத் தோய்ஞ்சுகொண்டிருக்கிறவையோ? கையை வடிவாய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுச் சாப்பிடு. சோத்துப் பானை கவிழ முதல் போ."

இவளை வக்கீலுக்குப் படிப்பித்திருந்தால் மலாயாவில் மற்ற வக்கீல்கள் கடையைப் பூட்டியிருப்பார்கள். ராசன் தாயைக் கட்டிப்பிடித்தான். விடுதலை முடிந்ததும் சத்தம் போடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டியேறினான்.

ஆனால் ஒரு சிக்கல் எனக்குத்தான் முதலில் தோன்றியது. "பொன்னம்மா, துடக்கு முப்பத்தொரு நாள்தானே? பள்ளிக்கூடம் ஆனி வரையும் இருக்கே?"

"பிரேதம் எடுக்காமல் முப்பத்தொண்டு எப்பிடித் துவங்கும்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "பிரேதம் எடுக்குமட்டும் அடுப்பு மூட்டக்கூடாதே. ஆனி வரையும் பட்டினியோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பிரேதம் கிடக்கிறது சிங்கப்பூரிலை. அடுப்பு இருக்கிறது பினாங்கிலை" என்றாள். நல்ல காலம், தப்பினேன்.

6

இப்படி எங்கள் வீடு மார்கழி தொடங்கித் துடக்கு வீடானது. பொங்கல் இல்லை. வருடப் பிறப்பு இல்லை. கந்தோரில் பெரிய கிளாக்கரின் மகள் கலியாணத்துக்குப் போக முடியவில்லை. அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேச இரண்டு மாதம் ஆயிற்று.

சட்டப்படி லீவு கேட்போமே என்று துரையிடம் போனேன். சகோதரன் இறந்தால் மூன்று நாள் உண்டு. துரை மிகவும் வருந்தினார். அடக்கம் என்றைக்கு என்று கேட்டார். திகதி இன்னும் நிச்சயமாகவில்லை என்றேன். ஏன் என்றார். இப்போது அவரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இங்கிலீசில் சொன்னேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நான் நன்றாகத் தூங்குகிறேனா என்று விசாரித்தார். லீவு கிடைத்தது. எந்தக் காரணத்துக்கு என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

சூலியா வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் காதர், எனக்குப் பழைய சிநேகிதர், பாசாரில் என்னை மறித்துக்கொண்டார்.

"என்னண்ணே, வீட்ல மௌத்தாமே? ஒரு வார்த்தை சொல்லலியேலா."

"திடீரெண்டு நடந்துபோச்சு, காதர்."

"மூத்தவருன்னு சொன்னாங்க. எங்களுக்குத் தெரியவே தெரியாது. அடக்கம் எப்பண்ணே?"

"ஜூன் மாதம்."

காதர் விரல் விட்டு எண்ணினார். "இது ஜனவரிண்ணே."

"ஓம்."

"எங்க ஆளுக அன்னிக்கே எடுத்துருவாங்க" என்று மெதுவாகச் சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு கூடை வாழைப்பழம் வீட்டுக்கு வந்தது.

தைப்பூசத்தன்றுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. வெள்ளி ரதம் எங்கள் தெருமுனையால் போகும். இங்கே வந்த நாளிலிருந்து பொன்னம்மா அன்று தேங்காய் உடைக்காமல் விட்டதில்லை. அந்த வருடம் ஜன்னல் பலகையைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாதசுரச் சத்தம் கிட்ட வர வர அவள் இடுக்கோடு முகத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

"போய்க் கும்பிட்டிட்டு வா. இது பாவனைத் துடக்குத்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"பாவனையோ? உங்களுக்கு வேணுமெண்டால் பாவனை. பெடியன் என்னை நம்பிக் கத்தி பிடிக்கிறான்" என்றாள். ரதம் போய்விட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குப் பிறகு நான் அந்தத் துடக்கைப் பற்றிப் பகிடி விடவில்லை, வெளி ஆட்களிடம் தவிர.

சித்திரையில் ராசன் வந்தபோது கன்னம் உப்பியிருந்தது. சீட்டி அடிக்கிறான். பிட்டுக்கு முள்ளு கேட்கிறான். முட்டை சாப்பிடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். தாய்க்கு அது சந்தேகம் அல்ல, நிச்சயம், ஆனால் கேட்கவில்லை. நித்திரையில் இங்கிலீசில் பேசுகிறான். எங்கள் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடைய பிள்ளையாகவோ ஆகிக்கொண்டிருந்தான். ஆனால் சாப்பாட்டுக்கு இருந்ததும் முதலில் மேசையில் கிடக்கும் பெரியப்பாவின் செய்திதான்.

"பெரியப்பான்ர வலது கை முடிஞ்சுது, அம்மா. எல்லாரிலும் நான்தான் வடிவாய்ச் செய்தனான் எண்டு புரபெசர் சொன்னவர்."

"அவருக்கு நோகாமல் செய்தனியோ?"

"ஓமம்மா. நல்ல நெஞ்சாங்குலை. புத்தகத்திலை உள்ள மாதிரியே இருந்தது."

"எங்கட ஆக்களுக்கு நெஞ்சு நல்லது" என்றாள் பொன்னம்மா பெருமையாக, என் பக்கம் திரும்பி. நான் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

அந்த மேசையில் இவனோடு படிக்கிறவர்கள் தைப்பிங்குச் சீனப் பெடியன் ஒருவன், மலாக்காப் பறங்கிக் கலப்புச் சட்டைக்காரப் பெடியன் ஒருவன். அவர்களும் இப்போது காலையில் அறைக்குள் போனதும் "குட்மோர்னிங் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்களாம். குடை பிடித்தவர்களுக்கும் விஷயம் தெரிந்து, கேலி நின்றுவிட்டதாம்.

7

ஆனியில் வருடப் பரீட்சை. ராசன் தேறினான். வேலை முடிந்த பிரேதங்களை ஒன்றாக எடுத்துப் புதைப்பதுதான் அங்கே வழக்கம். இவன் புரபெசர் துரையிடம் போய், அது என் பெரியப்பா, நான் கொள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். துரை சரி என்று கையெழுத்துப் போட்டாராம். சீனனும் சட்டைக்காரனும் பெட்டியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எங்கள் பிள்ளை கொள்ளி வைத்துவிட்டுச் சாம்பலோடு வண்டியேறினான்.

அன்றிலிருந்து பொன்னம்மா முப்பத்தொன்று எண்ணினாள். அதுதான் சென்ற வெள்ளிக்கிழமை.

கடற்கரையில் குருக்கள் தர்ப்பையை என் விரலில் போட்டுவிட்டு, "செத்தவரின்ர பேர்?" என்றார்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மார்கழியிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த மனிதனுக்குப் பெயர் இல்லை. கல்லூரியில் ஒரு இலக்கம் மட்டும் இருந்தது என்றான் ராசன். குருக்கள், "பாதகமில்லை, சிவன்ர பேரிலை விடலாம்" என்றார்.

அது எனக்குச் சம்மதமாக இல்லை. எங்கள் வழக்கத்தில் மூத்த ஆண்பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பார்கள். எனக்கு ஒரு தமையன் இருந்திருந்தால் அந்தப் பெயர் அவனுக்குப் போயிருக்கும். எனக்கு வேறு ஏதாவது கிடைத்திருக்கும்.

"ஆறுமுகம்" என்றேன்.

குருக்கள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "அது உங்கட பேர். உயிரோடை இருக்கிற ஆளின்ர பேருக்கு அந்தியேட்டி செய்யிறதோ? பொல்லாப்பு."

"அவர் பிறந்து இருந்திருந்தால் அவருக்குத்தான் அந்தப் பேர், ஐயா. நான் இவ்வளவு காலமும் இரவல் வைச்சிருந்தனான்."

பொன்னம்மா வேண்டாம் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். தாலியை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தாள். "சொல்லுங்கோ, ஐயா" என்றாள்.

குருக்கள் சொன்னார். கடலைப் பார்த்துக்கொண்டு, ஆறுமுகம், ஆறுமுகம் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். நானும் ஒரு காய்ச்சலில் விழுந்து, கேட்டு வர ஆளில்லாமல், அந்த மேசையில் கிடந்திருக்கக் கூடியவன்தானே. கதிரை கிடைத்ததும் பெண்சாதி வந்ததும் என் கெட்டித்தனமா? எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. இல்லாத அண்ணனுக்கு அல்ல, இருந்த அண்ணனுக்காக அழுதேன்.

வீட்டுக்கு வந்து, சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, பொன்னம்மா வெற்றிலைத் தட்டோடு இருந்தாள். துடக்குக் கழிந்த முகத்தில் ஒரு தெளிவு. நாளைக்கே தண்ணீர்மலைக்குப் போய் முருகனுக்கு இந்த வருடத்துப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராசன் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன?" என்றேன்.

"இல்லை… வருகிற தவணைக்கு எங்கட மேசைக்கு ஆள் வந்திட்டுது, அம்மா."

"ஆர்?"

"ஒரு மனுசி. வயசு போன மனுசி. அவவையும் ஒருத்தரும் கேட்டு வரேல்லை." கொஞ்சம் தயங்கி, "சீன மனுசி" என்றான்.

பொன்னம்மா பாக்கு வெட்டியை மூடினாள். நாளைக்குப் போகவேண்டிய தண்ணீர்மலை, வரப்போகிற பொங்கல், ஜன்னல் இடுக்கால் பார்த்த ரதம், எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்கட அண்ணை கலியாணம் முடிக்காமலோ செத்தவர்?"

"பொன்னம்மா, சீன மனுசியடி."

"இந்த ஊருக்குத் தனிய வந்த ஆம்பிளை. அவர் ஆரை முடிச்சாரோ, எங்களுக்குச் சொல்லியோ செய்தவர்?" என்றாள். ராசனிடம் திரும்பி, "அவ உனக்குப் பெரியம்மா. மரியாதையாய் நட" என்றாள். மறுபடி என்னிடம், "அவையின்ர முறைக்கு என்ன செய்யிறது எண்டு எங்களுக்குத் தெரியாது. மூலைக் கடைத் தவுக்கேயிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. அந்த மனுசிக்கு ஒரு குறை வரக்கூடாது" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மூலைக் கடையில் சீன முதலாளியான தவுக்கே அரிசி மூட்டைமேல் இருந்து விசிறிக்கொண்டிருந்தான். வீட்டில் மூத்த பெண் செத்தால் சீனர் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவன் விசிறியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். உள்ளே போய் ஒரு கட்டு ஊதுபத்தியை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டி, செத்தது யார் என்று கேட்டான்.

"என் அண்ணி" என்றேன். நாக்குத் தடுமாறவில்லை.